சீனி வருத்தக்காரி

கமறியாவுக்குச் சீனி வருத்தம், அந்த நீரிழிவு, ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் ஆலங்குடாவில் யாரைக் கேட்டாலும், மீன்கார நூஹுவின் பெண்சாதிக்குச் சீனி என்றுதான் சொல்வார்கள். கலியாண வீட்டில் எல்லாருக்கும் பொதுவான சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தால், வட்டிலப்பம் வரும்போது பக்கத்தில் இருப்பவள் அவளுடைய பங்கையும் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். "உங்களுக்குக் கூடாதே மச்சி" என்று இரக்கமும் காட்டுவாள். கமறியா தலையாட்டிவிட்டு வாழைப்பழத்தைக்கூடத் தொடாமல் எழும்புவாள். ஐந்து வருஷம் இப்படி. உண்மையான சீனிக்காரர்கள்கூடப் பெருநாளைக்கு ஒரு துண்டு தொதலைக் களவாகத் தின்பார்கள். இவளுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. பொய்யைக் காப்பாற்றுகிறவள் வருத்தக்காரியைவிடக் கவனமாக இருக்க வேண்டியிருந்தது.

உண்மையான வருத்தம் கையில் தொடங்கியது. சண்டை முடிந்து, மன்னாருக்குத் திரும்பிப் போகலாமா வேண்டாமா என்று ஊரெல்லாம் கதைத்துக்கொண்டிருந்த வருஷம் அது. தொண்ணூறில் முஸ்லிம்களை இயக்கம் விரட்டியபோது முசலிப் பக்கத்திலிருந்து வெறுங்கையோடு வந்த நாளிலிருந்து கமறியா இடியப்பம் அவித்துத்தான் வீட்டைப் பாதி தூக்கிப் பிடித்தாள். ஒருநாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு இடியப்ப உரலை அமத்தினாள்; மா இறங்கவில்லை. மா இறுகிப்போச்சு என்று இன்னும் கொஞ்சம் சுடுதண்ணி விட்டாள். அடுத்த நாளும் அப்படியே. மாவைத் திட்டினாள், மா அரைத்த மில்காரனைத் திட்டினாள். மூன்றாவது நாள், உரலை வைத்துவிட்டுச் சட்டைக்கு ஊசி குத்தப் பார்த்தபோதுதான் பிழை மாவில் இல்லை என்று விளங்கியது. விரல்கள் பத்தும் வீங்கியிருந்தன. ஊசியைப் பிடிக்க முடியவில்லை.

எண்ணெய் பூசினார்கள், பத்துப் போட்டார்கள், ஓதிய தண்ணி குடித்தார்கள். ஒரு வருஷம் அதில் போனது. பத்து மணியானால் கை கொஞ்சம் இளகிவிடும். அதனால் அவள் சொல்வதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை, அவளே எடுக்கவில்லை. கடைசியில் நூஹு புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு டொக்டர் நோனா இருந்தா. சிங்களப் பொம்பிளை, ஆனால் உடைந்த தமிழில் பொறுமையாகச் சொல்லக்கூடியவ.

"காய்ச்சல் வந்தா சண்டை பிடிக்க உங்கட உடம்புக்குள்ள ஆக்கள் இருக்கு. அவங்க ஆள் மாறி உங்கட மூட்டுக்கு அடிக்கிறாங்க. அதுதான் வீக்கம், அதுதான் சூடு. அடிக்கிற நிப்பாட்டாட்டி மூட்டுக் கரையும். மருந்து ஒவ்வொரு கிழமையும் வேணும், ரத்தம் ஒவ்வொரு மாசமும் பாக்க வேணும். விட ஏலாது, சரியா?"

"எவ்வளவு காலத்துக்கு, நோனா?" என்று நூஹு கேட்டார்.

"சீனி வருத்தத்துக்கு எவ்வளவு காலம்? அப்பிடித்தான்."

அந்தச் சொல்லை நூஹு பிடித்துக்கொண்டார். வீட்டில் ஒரே மகள் அஸ்ரியாவுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த நேரம். தாய்க்குக் கை முடங்கும் வருத்தம் என்றால், மகளுக்கும் வருமோ என்று கேட்க ஆள் வரும். பாலாவிச் சந்திக்கு வருவதற்கு முன்னாலேயே மோட்டார் சைக்கிளை மெதுவாக்கி, பின்னுக்குத் திரும்பாமலே சொன்னார்.

"சீனி எண்டு சொல்லுவம் புள்ள. சீனி இல்லாத வீடு எங்க இருக்கு? மாசாமாசம் கிளினிக்குக்குப் போனாலும் ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டாங்க."

கெட்டிக்காரத்தனம் என்றுதான் அன்றைக்கு இருவருக்கும் பட்டது. இடியப்பம் ஏன் நின்றது என்று கேட்டவர்களுக்கும் அதே பதில்: சீனி வந்து கை விறைக்குது. ஊர் நம்பியது. அஸ்ரியாவின் கலியாணமும் நடந்தது. மாப்பிள்ளை இஸ்ஸதீன் நுரைச்சோலையில் அனல்மின் நிலையத்து வேலை, நல்ல பிள்ளை. அவனுடைய தாய், பேர் சித்தி ஸுலைஹா, மட்டும் கொஞ்சம் கண் கூடின மனுசி, ஒன்றும் தப்பாது. வழக்கப்படி வீடு மகளுக்குப் போனது; மாப்பிள்ளை வீட்டோடு வந்தான்; கமறியாவும் நூஹுவும் பின்னறைக்கு மாறினார்கள். கலியாணம் முடிந்த பிறகாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அப்போது சொன்னால், ஒளித்துக் கட்டிக்கொடுத்தோம் என்றாகிவிடும். பொய்க்கு உள்ளே போகிற வாசல் அகலம். வெளியே வருகிற வாசலை இருவரும் தேடிப் பார்க்கவே இல்லை.

நூஹு அன்பான பேச்சுப் பேசத் தெரியாத ஆள். ஆனால் ஐந்து வருஷமும் சுபஹுக்கு முன்னால் எழும்பி, கேத்தலில் தண்ணி சுடவைத்து, பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அவளுடைய கை இரண்டையும் பேசினுக்குள் வைத்துச் சுடுதண்ணி ஊற்றினார். விரல் இளகி அவள் தொழுகைக்கு ஒளு எடுக்கும்வரை பக்கத்தில் குந்தியிருப்பார். மருந்துப் போத்தல் மூடிகளை இறுக்காமல் வைப்பதும் சட்டை ஊசியைக் குத்திவிடுவதும் அவர்தான். மகளுக்கு இதெல்லாம் தெரியாது. தெரியக்கூடாது என்றுதானே கதவு சாத்தியது.

மாதத்தில் ஒரு புதன்கிழமை கிளினிக். அங்கே காத்திருந்து உட்காரும் வாங்கில் அவளுக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள்: கண்டக்குழிக் கருவாட்டு வாடியில் வேலை செய்யும் பிரான்சிஸ்கா. அதே வருத்தம், பத்து வருஷ அனுபவம், கொஞ்சம் பெரிய வாய். வாளியை விரலால் தூக்காதே, முழங்கை மடிப்பில் கொழுவு. சீலையைப் பிழியாதே, கொடியில் அப்படியே போடு, வெயில் பிழியட்டும். வீக்கம் குறைந்த நாளில் வீரம் காட்டாதே. கை நோகுதென்று ஒரேயடியாகப் படுத்தும் கிடக்காதே, சும்மா இருந்தால் விரல் அப்படியே நின்றுவிடும் என்று டொக்டர் சொல்லாததையும் அவள் சொன்னாள். ஆஸ்பத்திரிக் கன்டீனில் இருவரும் இரண்டு கரண்டி சீனி போட்டுத் தேத்தண்ணி குடிப்பார்கள். மாதத்தில் அந்த ஒரு கோப்பைக்காகவே கமறியா புதன்கிழமையை எண்ணிக்கொண்டிருந்தாள் என்றாலும் பிழையில்லை.

இரண்டாயிரத்துப் பதினைந்தில் ஒரு காலை, கடற்கரையில் மீன் பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்த நூஹு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார். எழும்பவில்லை.

மையத்தை அடக்கத்துக்கு எடுத்த பிறகு கமறியா இத்தாவில் இருந்தாள். கணவன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் பெண்சாதி வீட்டோடு இருக்க வேண்டும். அலங்காரம் இல்லை, வெள்ளைச் சீலை, பிற ஆண்கள் கண்ணில் படுவதில்லை. பின்னறை யன்னலுக்குப் பழைய படுக்கை விரிப்பொன்றை ஆணியடித்துக் கட்டினார்கள். முதல் கிழமை பெண்கள் வந்து நிறைந்தார்கள். யாசீன் ஓதினார்கள், அழுதார்கள், அவளைச் சாப்பிடச் சொன்னார்கள். இரண்டாவது கிழமை பாதிப் பேர். ஒரு மாதத்தில் அறையில் அவளும் அலுமாரியும்தான்.

கையில் மூன்று கிழமைக்கு மருந்துக் குளிசை இருந்தது. அது முடிந்த நாளில் அவள் அறைக்குள் உட்கார்ந்து நிதானமாக யோசித்துப் பார்த்தாள். மருந்துக்குப் போவதை மார்க்கம் தடுக்கவில்லை. அது அவளுக்குத் தெரியும். பள்ளி ஹஸ்ரத்திடம் ஆள் விட்டுக் கேட்டால் போகத்தான் சொல்வார். ஆனால் என்ன வருத்தத்துக்கு என்று கேட்பார். சீனி என்றால், சீனிக் குளிசைதான் பக்கத்து மருந்துக்கடையிலேயே இருக்கிறதே, புத்தளத்துக்கு எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். அப்படித்தான் நடந்தது. அவள் வாய் திறப்பதற்கு முன்னாலேயே அஸ்ரியா ஒரு பொட்டலத்தோடு வந்து நின்றாள்.

"கிளினிக்குக்குப் போக ஏலாதுதானே உம்மா. இவர்ட்டச் சொல்லி சீனிக் குளிசை எடுப்பிச்சேன். காலையில ஒண்டு, ராவைக்கு ஒண்டு."

"வை மகள்" என்றாள் கமறியா. வேறென்ன சொல்வது? குளிசையைத் தலையணை உறைக்குள் ஒளித்தாள். பிரான்சிஸ்காவுக்குச் சொல்லியனுப்பவும் வழியில்லை. போன் நம்பர் நூஹுவின் போனில் இருந்தது, போன் இஸ்ஸதீனின் தம்பியிடம் போய்விட்டது.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதியபோது வலி பழைய இடத்துக்கு வந்திருந்தது. ஐம்பதாம் நாள் முழங்காலுக்கும் இறங்கியது. காலையில் கை இரண்டும் அவளுடையதல்லாத ஏதோவொன்றாகப் போர்வைக்கு மேலே கிடக்கும். அவற்றைத் தொடைக்குக் கீழே செருகி, உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டு, பாங்கு சொல்லி முடிந்தும் எழும்ப முடியாமல் கிடந்து அழுவாள். ஒருநாள் சீலைத் தலைப்பைப் போட முடியாமல் அரைமணி நேரம் போராடிவிட்டு, நூஹுவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள். உயிரோடு இருந்தபோது ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

வீட்டில் யாரும் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. கவனித்தார்கள். உம்மா மெலிகிறா, உம்மா தலை வாருகிறா இல்லை, உம்மா சோற்றைப் பிசையாமல் விரல் நுனியால் பொறுக்குகிறா, உம்மா கூப்பிட்டால் எழும்ப நேரமெடுக்குது. எல்லாவற்றையும் பார்த்தார்கள், எல்லாவற்றுக்கும் துக்கம் என்று பெயர் வைத்தார்கள். "வாப்பாட கவலதான் உம்மாவைத் தின்னுது" என்று அஸ்ரியா பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும். பொருத்தமான பெயர் ஒன்று ஏற்கனவே இருந்தபடியால், வேறு பெயர் தேட ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கமறியாவுக்குச் சில நாளில் ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். யாராவது ஒருத்தர் வந்து, உனக்கு வேறென்னவோ செய்யுது, எழும்பு, ஆஸ்பத்திரிக்குப் போவம் என்று சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தாள். சொன்னால் மறுப்பதற்குத் தயாராகவும் இருந்தாள். அதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அறைக்குள் இருக்கிறவளுக்குக் காதுதான் கண். அடுப்படியில் நடப்பதெல்லாம் கேட்கும். காலையில் ஒரு வயது தாண்டிய பிள்ளை சிணுங்க, அஸ்ரியா புருசனை எழுப்புவாள்: "இஞ்சாருங்க, இந்தப் பால்மா டின்னைத் திறந்து தாங்க." தேங்காய் துருவுவதும் அவன்தான். சம்பல் இடிக்கிற சத்தமே அந்த வீட்டில் கேட்டுக் கன காலம். கமறியாவுக்கு உள்ளுக்குள் எரியும். டின் மூடி திறக்கவும் மாப்பிள்ளை வேண்டுமாக்கும். இந்த வயதில் நான் மூன்று வீட்டுக்கு மா இடித்தேன் என்று நினைப்பாள். பிறகு, தனக்கும் மூடி திறந்து தர ஒருத்தர் இருந்தார் என்பது நினைவு வரும். மகள்மேல் தனக்குப் பொறாமை என்று அறிந்தபோது வெட்கமாக இருந்தது.

எழுபத்தைந்தாம் நாள் மாப்பிள்ளையின் தாய் சித்தி ஸுலைஹா ஒரு பாத்திரம் கஞ்சியோடு வந்திருந்தா. அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பெரிய குரல் கேட்டது.

"மீன்கார நூஹுவிட வீடு இதுதானே? கமறியா இருக்கிறாளா, இல்ல அவளும் போய்ச் சேந்திட்டாளா?"

பிரான்சிஸ்கா. இரண்டு புதன்கிழமை வாங்கு காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டு, மூன்றாவது புதனுக்கு இரண்டு நாள் முன்னால், கண்டக்குழியிலிருந்து பஸ் ஏறி, ஆலங்குடாவில் இறங்கி மீன்காரன் வீடு எது என்று கடைகடையாகக் கேட்டு வந்திருக்கிறாள். நூஹு மௌத்தான செய்தியையும் வழியில்தான் அறிந்திருக்கிறாள். அறைக்குள் வந்து கமறியாவைக் கட்டிப்பிடித்து ஒரு பாட்டம் அழுதாள். அழுகை முடிந்ததும் கையைப் பார்த்தாள்.

"ஐயோ மாதாவே. மருந்தை விட்டிட்டியா?"

கமறியா கண்ணைக் காட்டினாள். பிரான்சிஸ்கா கண்ணைப் பார்க்கிற ஆள் இல்லை. அஸ்ரியா இரண்டு தேத்தண்ணியோடு வந்தாள்.

"இது சீனி போட்டது, உங்களுக்கு. இது உம்மாட, சீனி இல்லாதது."

"ஏன் பிள்ளை? இவ ரெண்டு கரண்டி போட்டெல்லே குடிப்பா."

"உம்மாக்குச் சீனி வருத்தம்தானே."

"சீனியா? ஆருக்கு, இவளுக்கா?" பிரான்சிஸ்கா சிரித்தேவிட்டாள். "அஞ்சு வருசமா நானும் இவளும் ஒரே வாங்கில இருக்கிறம். மூட்டு வருத்தக் கிளினிக்கில. சீனிக் கிளினிக் அங்கால கட்டிடம், பிள்ளை."

முதலில் எழும்பியது சித்தி ஸுலைஹா. முந்தானையைச் சரிசெய்துகொண்டே, "கலியாணத்துக்கு முந்தி இதச் சொல்லியிருந்தா…" என்று தொடங்கினா; முடிக்கவில்லை. "எங்களையும் மனுசர் எண்டு நினைச்சிருக்கலாம் மச்சி" என்றுவிட்டுக் கஞ்சிப் பாத்திரத்தைக்கூட எடுக்காமல் போனா. ஐந்து வருஷம் பயந்துகொண்டிருந்த காரியம் ஒரு நிமிஷத்தில் நடந்து முடிந்துவிட்டது. கமறியாவுக்கு விசித்திரமாக இருந்தது, பயப்படுவதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை என்பது.

மிச்சம் இருந்தது. அஸ்ரியா தட்டோடு அப்படியே நின்றாள். தாயைப் பார்க்கவில்லை. பிரான்சிஸ்காவைத்தான் கேட்டாள்.

"அந்த வருத்தம்… காலையிலதான் கூடவா இருக்கும்?"

"ஓம் பிள்ளை. விடிய எழும்பினா விரல் மடங்காது."

"ரெண்டு கையிலயுமா?"

"ரெண்டிலயும் தான்."

"எவ்வளவு நேரத்தால விடும்?"

பிரான்சிஸ்கா கோப்பையைக் கீழே வைத்தாள். சிரிப்பெல்லாம் போய்விட்டது. "தட்டை வை பிள்ளை" என்றாள். "உன்ர கையைக் காட்டு."

அஸ்ரியா தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். கமறியா பார்த்தாள். நடுவிரலும் மோதிர விரலும் அடியில் வீங்கி மினுங்கின. கலியாண மோதிரம் அந்த விரலில் இல்லை. எப்போது கழற்றினாள் என்பது தாய்க்குத் தெரியாது. ஒரே வீட்டில், ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும், இரண்டு பேர் விடிய எழும்பி ஒரே கையைத் திட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். கமறியா மகளுடைய கையைப் பிடிக்கப் போனாள். பிடிக்க விரல் வளையவில்லை. புறங்கையால் மட்டும் தொட்டாள்.

அன்று அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போன இஸ்ஸதீன் ஹஸ்ரத்திடம் கேட்டுவந்தான். அவர் இரண்டு கேள்விகூடக் கேட்கவில்லையாம். "மருந்துக்குத்தானே? இவ்வளவு நாளும் ஏன் வச்சிருந்தீங்க?" என்று அவனைத்தான் ஏசினாராம்.

புதன்கிழமை கமறியா வெள்ளைச் சீலைக்கு மேலே அபாயா போட்டுக்கொண்டு, கைப்பிள்ளையைத் தூக்கிய மகளோடு, இஸ்ஸதீன் பிடித்த ஓட்டோவில் புத்தளத்துக்குப் போனாள். டொக்டர் நோனா அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தா. வலது கையில் சின்ன விரலும் மோதிர விரலும் நீளவில்லை. "இது ரெண்டும் இனி இப்பிடித்தான்" என்றா, மெதுவாக. "மற்றதைக் காப்பாத்துவம். ஏன் மூணு மாசம் வரல்ல?" கமறியா மகளை முன்னுக்குத் தள்ளினாள். "நோனா, முதல்ல இவளைப் பாருங்க."

டொக்டர் அஸ்ரியாவின் கையையும் காலையும் அமத்திப் பார்த்தா. ரத்தத்துக்கு எழுதினா. சில பெண்களுக்குப் பிள்ளை பிறந்த கையோடு இது தொடங்கும் என்றா. பால் கொடுக்கிறபடியால் உம்மாவின் குளிசை இவளுக்குச் சரிவராது, வேறு தருகிறேன் என்றா. இன்னும் மூட்டு கரையவில்லை, நேரத்தோடு வந்தால் நன்றாக வைத்திருக்கலாம் என்றா.

"எவ்வளவு காலமா இருக்கு?"

"பிள்ளைக்கு ரெண்டு மாசத்தில இருந்து. ஒரு வருசம்."

"ஒரு வருசம்! ஒருத்தருக்கும் சொல்லல்லையா? உம்மாக்கும்?"

அஸ்ரியா பிள்ளையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். வலித்திருக்க வேண்டும், முகம் சுருங்கியது.

"உம்மா பாவம் நோனா, சீனி வருத்தக்காரி. அவவுக்கு இன்னொரு கவலையும் ஏன் எண்டு நினைச்சேன்."

கமறியா வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்தாள். நூஹு இருந்திருந்தால் இன்றைக்கு அந்த மனுசனோடு நன்றாகச் சண்டை பிடித்திருப்பாள். அவரும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு இருந்திருப்பார். பிறகு இருவருமாகச் சேர்ந்து அழுதிருப்பார்கள். பொய்யை இருவருமாகத்தான் சொன்னார்கள். இப்போது அதற்குப் பதில் சொல்ல அவள் ஒருத்திதான் இருந்தாள்.